இந்தியாவின் புதிய கல்விக் கொள்கையோடு ஒப்பிட்டால் நாங்கள் பின்தங்கிவிட்டோமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் இலங்கையில், திருகோணமலை நகருக்குப் பக்கத்து உப்புவெளியில் இருக்கிறீர்கள். மகன் தரம் 9. சென்னையில் இருக்கும் உங்கள் மச்சாள், இந்தியா 2020இல் கொண்டுவந்த தேசிய கல்விக் கொள்கைப்படி பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே கணினி நிரல் எழுதுகிறார்கள், தொழிற்கல்வி படிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். இலங்கையின் கல்விக் கொள்கை பின்தங்கிவிட்டதா, எந்த நாட்டின் கொள்கை நல்லது என்று கேட்கிறீர்கள். இரண்டு நாட்டு ஆவணங்களையும் வைத்துப் புள்ளி போடும் ஆர்வத்தில் நீங்கள் இதைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளை இங்கே படிப்பதால் எதையாவது இழக்கிறானா என்ற பயம்தான் அடியில் இருக்கிறது. அந்தப் பயத்துக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கணித ஆசிரியராக இருந்து, பிறகு ஆசிரிய ஆலோசகராகத் திருகோணமலை, மூதூர் வலயப் பாடசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்திய வகுப்பறை ஒன்றில் நான் படிப்பித்ததில்லை. அந்த நாட்டுக் கல்வியை எனக்குத் தெரிந்தது மூன்று வழியால்: கொள்கை ஆவணங்கள், தமிழ்நாட்டுப் பாடநூல்கள், போருக்குப் பிறகு தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து எங்கள் மாவட்டத்துக்குத் திரும்பிவந்த பிள்ளைகள். இந்த மூன்றாவது வழியில் கற்றதுதான் அதிகம்.

முதலில் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் மச்சாள் இருக்கும் மாநிலம் அந்த 2020 கொள்கையை ஏற்றுக்கொள்ளவேயில்லை. கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு தயாரித்த வரைவிலிருந்து உருவான அந்தக் கொள்கை, பள்ளி வருடங்களைப் பிரிக்கும் பழைய 10+2 முறையை 5+3+3+4 என்று மாற்றச் சொல்கிறது. மூன்று மொழி கற்கச் சொல்கிறது. தமிழ்நாடு 1968 முதல் தமிழ், ஆங்கிலம் என்ற இரு மொழியோடு நிற்கிறது. 1986ஆம் ஆண்டுக் கொள்கையோடு வந்த நவோதயா என்ற மத்திய அரசு விடுதிப் பள்ளிகளையும் அது உள்ளே விடவில்லை. நீதிபதி முருகேசன் குழுவை அமைத்து, 2025 ஆகஸ்டில் தனக்கென்று ஒரு மாநிலக் கல்விக் கொள்கையையே வெளியிட்டது. இந்த இழுபறியில் பள்ளிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் சமக்ர சிக்‌ஷா நிதி நிறுத்தப்பட்டு வழக்கு வரை போனது. ஆகவே மச்சாளின் பிள்ளை மத்திய வாரியப் பாடத்திட்டத்தில், அதாவது சிபிஎஸ்இயில், படித்தால் அவர் சொல்வதில் கொஞ்சம் பொருந்தும். மாநிலப் பாடத்திட்டம் என்றால் கதை வேறு. இந்தியாவில் கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. 42ஆவது திருத்தத்தால், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. அப்படியிருந்தும் ஒரு மாநிலம் தானே பாடநூல் எழுதுகிறது, தானே பரீட்சை வைக்கிறது, மத்திய அரசோடு மல்லுக்கு நிற்கிறது.

எங்கள் பக்கம் பாருங்கள். 13ஆவது திருத்தத்தின்படி கல்வி மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் இருப்பதே திருகோணமலை நகரில்தான். ஆனால் பாடத்திட்டம் நடைமுறையில் கொழும்புக்குப் பக்கத்து மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்தில் தயாராகிறது. தேசிய பாடசாலைகள் நேரே கொழும்பு அமைச்சின் கீழ் வருகின்றன. மாகாண சபையோ 2017இல் காலம் முடிந்ததிலிருந்து தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கையில் இருக்கிறது. இடமாற்றமும் நியமனமும்தான் இங்கே உள்ளூரில் பேசும் கல்வி. இதில் இந்திய மாநிலங்கள் எங்களை விட மிகவும் முன்னால் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அதிகாரத்தால் வகுப்பறையில் பிள்ளைக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

அளவையும் கவனியுங்கள். இந்தியாவில் ஏறத்தாழ இருபத்தைந்து கோடிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், இங்கே நாற்பது லட்சம் அளவில். இலங்கையை முழு இந்தியாவோடு ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வரலாம். தேவையான மாநிலத்தைப் பொறுக்கிக்கொண்டால் போதும். எங்களுக்கு அளவிலும் மொழியிலும் அருகில் இருப்பது தமிழ்நாடும் கேரளமும்தான். இனி நான் பெரும்பாலும் தமிழ்நாட்டையே மனதில் வைத்துப் பேசுகிறேன்.

இலங்கைக் கொள்கையின் முதுகெலும்பு 1945. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி அந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது, பல்கலைக்கழகம் வரை. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது; சைவ, கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகள் நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவை அப்போதுதான் அரச பாடசாலைகளாயின. 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் சீருடை. இன்றைக்கும் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் அரச பாடசாலையில். சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டு வந்தவை, கல்விச் சட்டத்தின் வழியாக வந்தவை அல்ல. அவற்றின் பங்கு சிறியது. இந்தியாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். சென்னையில் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் மாதச் செலவில் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று மச்சாளிடம் கேட்டுப் பாருங்கள். நாங்கள் அதை ரியூசனுக்குக் கட்டுகிறோம் என்று நீங்கள் சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் ரியூசனுக்குப் போகாத பிள்ளைக்கும் இங்கே அதே பாடசாலை, அதே ஆசிரியர்.

சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. இந்தியாவில் 2002இல் அரசியலமைப்பைத் திருத்தி, 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கினார்கள். 2010 ஏப்ரலில் அதற்கான சட்டம் அமலுக்கு வந்தது. தனியார் பள்ளிகள் 25 வீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எங்கள் அரசியலமைப்பில் கல்வி அடிப்படை உரிமை அத்தியாயத்தில் இல்லை, அரச கொள்கை நெறிமுறைகளில் இருக்கிறது. அடிப்படைச் சட்டம் இன்னும் 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான். கட்டாயக் கல்வி வயதை 5 முதல் 16 வரை என்று 2016இல் ஒழுங்குவிதியால் நீட்டினார்கள். தாளில் பார்த்தால் இந்தியா பலமானது. ஆனால் உரிமை இருக்கும் நாட்டின் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை என்று கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் அறிக்கைகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அதனால்தான் 2020 கொள்கை அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் முதல் அவசரம் என்று எழுதியது. அந்தக் கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். கணினி நிரலை விட அதைத்தான் நாங்கள் பார்த்து எழுத வேண்டும்.

முன்பள்ளியிலும் அவர்கள் எங்களைத் தாண்டிவிட்டார்கள். 1975இல் தொடங்கிய அங்கன்வாடி, அதாவது அரசு நடத்தும் சிறுபிள்ளை நிலையங்களின் அமைப்பு இருக்கிறது. புதிய கொள்கை மூன்று வயதிலிருந்தே பிள்ளையைக் கணக்கில் எடுக்கிறது. எங்கள் இலவசக் கல்வியோ தரம் 1இல்தான் தொடங்குகிறது. முன்பள்ளிகளைக் கிராம அமைப்பு, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், தொண்டு நிறுவனம் என்று யார் யாரோ நடத்துகிறார்கள். அங்கே படிப்பிக்கும் பெண்பிள்ளைகள் வாங்கும் கொடுப்பனவைக் கேட்டால் வெட்கமாக இருக்கும். சரி, உங்கள் மகன் அதைக் கடந்துவிட்டான்.

முகாம்களிலிருந்து வந்த பிள்ளைகளிடம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள்; இங்கே தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது. சமயமும் வரலாறும் அவர்களுக்குத் தனிப் பரீட்சைப் பாடங்களாக இருந்ததில்லை. சிங்களம் அறவே தெரியாது. கணிதத்தில் செய்முறை சுத்தமாக இருக்கும், படி தவறாது. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தடுமாறுவார்கள். எங்கள் பிள்ளைகளோ அரைகுறையாகச் செய்தாலும், வசனக் கணக்கை எடுத்து முட்டி மோதிப் பார்ப்பார்கள். ஆங்கிலச் சொற்கள் முகாம் பிள்ளைகளின் வாயில் தாராளமாக வந்தன. இவையெல்லாம் குறிப்பிட்ட சில பாடசாலைகளில் நான் கண்டவை. போரும் முகாமும் தின்ற பிள்ளைப்பருவத்தையும் கொள்கையின் விளைவையும் பிரித்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். சில தவணைகளில் அவர்கள் இங்கே ஒத்துப்போனார்கள். இரண்டு பாடத்திட்டங்களுக்கும் இடையே பாதாளம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆகவே சாதாரண தரம் வரை உங்கள் மகன் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்பது என் முடிவு. தகவல் தொழில்நுட்பம் இங்கும் ஆறாம் தரத்திலிருந்து பாடமாக உண்டு; பாடசாலையில் வேலை செய்யும் கணினி இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அது இரு நாட்டுக்கும் பொது.

உண்மையான வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் தரம் 13இல் எழுதும் உயர்தரப் பரீட்சை ஒன்றே பாடசாலை முடிக்கும் பரீட்சை, அதுவே பல்கலைக்கழகத் தெரிவும். தகுதி பெறுபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழக இடம். அந்த இடத்தைப் பங்கிடும் விதம் இது: இசட் புள்ளிப்படி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளி வழக்கமாகக் கொழும்பை விடக் குறைவாக இருக்கும். 70களின் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்குச் செய்த அநியாயத்தை, குறிப்பாக யாழ்ப்பாணத்துக்குச் செய்ததை, எங்கள் தலைமுறை மறக்காது. மொழிவாரியாகப் புள்ளியைக் கூட்டிக் குறைத்ததற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த மாவட்ட ஒதுக்கீடு கிழக்கிலும் வன்னியிலும் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று திருகோணமலையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூவரும் அந்தக் கதவால்தான் போகிறார்கள்.

அந்தக் கதவுக்கும் ஒரு பூட்டு இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கலைப் பிரிவுக்கான தெரிவு பெரும்பாலும் அகில இலங்கைத் திறமைப்படி நடக்கிறது. மாவட்ட ஒதுக்கீடு அங்கே உதவாது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு நடத்துபவை 1ஏபி வகைப் பாடசாலைகள். கிராமப்புறத்தில் இருப்பவற்றில் பல 1சி வகை, கலையும் வணிகமும் மட்டும். கஷ்டப் பிரதேசம் என்று குறிக்கப்பட்ட ஊர்ப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்தாலும், நகரத்துக்கு வந்து தங்கிப் படிக்க வழியில்லையென்றால் கலைப் பிரிவுக்குத்தான் போகும். யாருக்காக ஒதுக்கீடு வந்ததோ அந்தப் பிள்ளை ஒதுக்கீடு இல்லாத வரிசையில் போய் நிற்கிறது. நகரத்துப் பிள்ளைக்குத்தான் மாவட்டத்தின் பின்தங்கிய நிலை முழுதாகப் பலன் தருகிறது. நான் ஆலோசகராக இருந்த காலம் முழுவதும் என்னை உறுத்திய விடயம் இதுதான். இதைப் பற்றி எந்தச் சீர்திருத்த அறிக்கையும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் மகன் உப்புவெளியிலிருந்து நகரப் பாடசாலைக்குப் போகக்கூடியவன் என்பதால், வெளிப்படையாகச் சொன்னால், இந்த ஏற்பாட்டில் அவன் லாபம் அடையும் பக்கத்தில் நிற்கிறான்.

தமிழ்நாட்டில் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார்கள். அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017 முதல் நீட் என்ற அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வு கட்டாயமானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அடிபட்டதைப் பார்த்து, 2020இல் அவர்களுக்கு 7.5 வீத உள்ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். நீட்டிலிருந்து விலக்குக் கேட்டு 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நாங்கள் பிள்ளை எந்த மாவட்டம் என்று கேட்கிறோம், அவர்கள் எந்தச் சாதிப்பிரிவு, எந்த வகைப் பள்ளி என்று கேட்கிறார்கள். பள்ளி வகையைக் கேட்பது எங்கள் 1சி பிரச்சினைக்கு நல்ல மருந்தாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், யாரும் இங்கே பரிசோதித்துப் பார்த்ததில்லை.

இடங்களின் எண்ணிக்கையில் நாங்கள் தோற்றுப்போகிறோம். தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதில் இருப்பவர்களில் சேர்க்கை விகிதம் 2021-22இல் 47 வீதம். இந்திய சராசரி 28ஐ ஒட்டி. இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆனால் அந்த 47க்குள் எத்தனையோ தனியார் பொறியியல் கல்லூரிகள், வேலை கிடைக்காத பட்டங்கள், கல்விக் கடன்கள் இருக்கின்றன. எங்கள் வாசல் ஒடுக்கம், உள்ளே போனால் செலவில்லை. அவர்கள் வாசல் அகலம், உள்ளே போனால் விலைப்பட்டியல்.

காலத்திலும் இழக்கிறோம், இதை நான் மழுப்ப மாட்டேன். தமிழ்நாட்டுப் பிள்ளை 12 வருடத்தில் பள்ளியை முடித்து 17, 18 வயதில் கல்லூரிக்குள் போய்விடுகிறது. இங்கே 13 வருடம். பிறகு பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று காத்திருந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்போது வயது இருபது, இருபத்தொன்று. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் பரீட்சைகளைப் பிந்தவைத்து இதை இன்னும் மோசமாக்கின. அங்கே இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரன் பட்டத்தோடு வேலை தேடும் நேரத்தில் உங்கள் மகன் முதலாம் வருடத்தில் இருக்கலாம்.

மொழி பற்றியும் ஒரு சொல். அங்கே மூன்றாம் மொழி வேண்டுமா என்று சண்டை. இங்கே இரண்டாம் தேசிய மொழி வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று, படிப்பிக்க ஆள்தான் போதாது. தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் பாடவேளையில் இருக்கிறது. மூன்று சமூகமும் கலந்து வாழும் இந்த ஊரில்கூடப் பிள்ளைகள் மொழிவாரியான தனித்தனிப் பாடசாலைகளில் படித்து, சிங்களத்தைச் சந்தையிலும் பஸ்ஸிலும் பிடிக்கிறார்கள். மகனைச் சிங்களப் பாடத்தைக் கைவிட விடாதீர்கள். அரச வேலைக்கு வரும்போது அதன் அருமை தெரியும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு என்று இந்தியாவின் கோத்தாரி கல்விக் குழு 1966இல் எழுதியது, 2020 கொள்கையும் அதையே எழுதுகிறது. இந்தியா இன்னும் அதைத் தொடவில்லை. எங்கள் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அதே 6 வீதத்துக்காக 2012இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாங்கள் 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறோம்.

இலங்கையில் இப்போது பேசப்படும் சீர்திருத்தம், அதாவது 2025இல் அறிவித்து 2026இல் தரம் 1, தரம் 6இல் தொடங்குவதாகத் திட்டமிட்ட, பாடங்களைச் சிறு அலகுகளாகப் பிரித்துப் படிப்பிக்கும் அலகு முறை, உங்கள் மகனுக்குப் பொருந்தாது. அவன் பழைய முறையிலேயே சாதாரண தரம் எழுதுவான். அது நல்லதா கெட்டதா என்று இப்போதே தீர்ப்புச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். 1997 சீர்திருத்தத்தையும் நான் வகுப்பறையில் நின்று பார்த்தேன். புத்தகம் மாறியது, பரீட்சை மாறவில்லை, ஆகவே ஆசிரியர்கள் பழையபடியே படிப்பித்தார்கள். இந்தியாவின் 5+3+3+4க்கும் இதே சோதனைதான் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மகனை இப்போது இந்தியாவுக்கு மாற்றுவதால் லாபமில்லை. சிங்களம், வரலாறு, மாவட்ட ஒதுக்கீடு மூன்றும் கைவிட்டுப் போகும், கட்டணம் வந்து சேரும். தரம் 11 வரை கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் விழாமல் பாருங்கள். எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு, இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று தரம் 10இலேயே வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். பெறுபேறு வந்த பிறகு ஓடினால் பிந்திவிடும். உயர்தரத்தை இங்கேயே எழுதட்டும். ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் செலவில்லாமல் படிப்பான். கிடைக்காவிட்டால் அதே பெறுபேற்றோடு இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஆண்டுதோறும் இலங்கை மாணவருக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். நேரு நினைவுப் புலமைப்பரிசில் பட்டப்படிப்புக்கு உரியது. சொந்தச் செலவில் போவதென்றால், அந்தப் பல்கலைக்கழகம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரித்துவிட்டே பணம் கட்டுங்கள். மருத்துவம் என்றால் திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபைக்கான பரீட்சையையும் எழுத வேண்டும், அதற்கான வருடங்களையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.